குழந்தையின் மெய்ப்பாடும் படப்புத்தகமும்

(நமது சங்கத்துப் பெற்றோர் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இளங்குழந்தைகள் தம் உள்ளத்து உணர்ச்சிகளை அறிந்து வெளியிடுதற்குப் படப்புத்தகங்கள் எங்ஙனம் துணை செய்யும் என்பதாகும். இதனைக் கேட்டவுடன், "இலக்கணம் பயின்ற பண்டிதர்க்குப் பொம்மைப் படம் போட்ட புத்தகத்தில் என்ன வேலை?" என்று நம் பெரியோர் சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். அப்புன்முறுவலை யான் வரவேற்கின்றேன். அதுவும் ஒரு மெய்ப்பாடே. தமிழிலக்கணம் படித்தவனுக்கு இப்பொருளில் வேலை உண்டு என்பதையும், பிள்ளை வளர்ப்போர் அனைவர்க்கும் இதில் கடமை உண்டு என்பதையும் எடுத்துரைக்கவே இங்கு நிற்கின்றேன்.

நாம் நாள்தோறும் காணும் செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஐந்து வயதுக் குழந்தையொன்று பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் "வயிறு வலிக்குது" என்கின்றது. வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுக்கின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவ்வலி இல்லை. திங்கட்கிழமை காலையில் மீண்டும் வருகின்றது. "பொய் சொல்லுகிறான்" என்று தந்தை அதட்டுகின்றார். குழந்தை பொய் சொல்லவில்லை. அச்சம் வந்தால் வயிற்றைப் பிசைவது உண்மை. பெரியவர்களாகிய நமக்கும் அப்படியே. நமக்கு 'அச்சம்' என்ற சொல் தெரியும். குழந்தைக்கு அது தெரியாமையால், அவ்வுணர்ச்சி உடம்பில் எங்கே தோன்றிற்றோ அவ்விடத்தின் பெயரைச் சொல்லுகின்றது. வேறொரு குழந்தை, வீட்டில் தம்பி பிறந்த பின், அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடிக்கின்றது. மற்றொரு குழந்தை காரணம் தெரியாமல் உம்மென்று மூலையில் உட்கார்ந்திருக்கின்றது. இம்மூவரும், உள்ளே ஏதோ நிகழ்கின்றது, அதைச் சொல்லத் தம்மிடம் சொல் இல்லை என்பதையே நமக்குக் காட்டுகின்றனர்.

இதனைத் தொல்காப்பியனார் நன்கறிந்திருந்தார் என்பது என் துணிபு. அவர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் வகுத்தார். மெய் என்பது உடம்பு; படுதல் என்பது தோன்றுதல். உள்ளத்து நிகழ்வது உடம்பில் தோன்றுதலே மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, அச்சம், சினம், வியப்பு, இழிவுணர்வு, பெருமிதம், மகிழ்ச்சி என எட்டாக அவற்றைப் பகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்று கூறி, ஆக 32 என்று கணக்கிட்டார். அவர் இவ்வியலைக் குழந்தைகளுக்காக எழுதவில்லை. செய்யுள் கற்பார்க்காகவே எழுதினார். எனினும் ஒரு குழந்தையின் முன் அமர்ந்து அவ்வியலை நினைத்தால், அதன் பயன் வேறு வகையில் விளங்கும்.

அழுகையை எடுத்துக்கொள்வோம். பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை ஒன்று; ஒன்றை இழந்ததால் வருவது ஒன்று; முன்னிருந்த நிலை தளர்ந்ததால் வருவது ஒன்று; இல்லாமையால் வருவது ஒன்று. கண்ணீர் நான்கிலும் ஒரே நிறந்தான். அழும் குழந்தையின் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து வாயடைக்கும் நாம், இந்நான்கில் எதற்கு அம்மிட்டாயைக் கொடுத்தோம் என்று நினைப்பதில்லை. தோழன் இகழ்ந்ததால் அழும் பிள்ளைக்கும், செல்லப் பூனை இறந்ததால் அழும் பிள்ளைக்கும், தம்பி வந்தபின் தாய்மடி பறிபோனதால் அழும் பிள்ளைக்கும், காலணி இல்லாமையாற் கூசி அழும் பிள்ளைக்கும் மருந்து வேறு வேறு. உணர்ச்சியின் பெயரும் வேண்டும், அதன் நிலைக்களமும் வேண்டும். இவ்விரண்டையும் குழந்தையே கண்டு சொல்லப் பழக்குவதற்குத்தான் படப்புத்தகம் வேண்டுமென்கின்றேன்.

படப்புத்தகம் என்று யான் கூறுவது, அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு என்று எழுத்தைக் கற்பிக்கும் அட்டையன்று. பாடத்திற்கு அழகாக ஓரத்தில் அச்சிட்ட படமும் அன்று. ஒரு கதையைச் சொல்லும் பொறுப்பைப் படமும் சொல்லும் பங்கிட்டுக்கொள்ளும் சிறு நூலே அது. பக்கத்திற்கு இரண்டொரு வரிதான் இருக்கும். 'பையன் வீட்டுக்கு வந்தான்' என்று எழுத்துச் சொல்லும். தோள் தொங்கி, புத்தகப்பை தரையில் இழுபட வந்தான் என்பதைப் படம் சொல்லும். எழுத்தறிந்த தந்தை அவ்வரியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டப் போகின்றார். எழுத்தறியாத குழந்தை படத்தின்மேல் விரலை வைத்து, "ஏன் இப்படி வரான்?" என்று கேட்கின்றது. அவ்விடத்தில் தந்தையினும் குழந்தையே அந்நூலை நன்கு படித்ததாகும். எழுத்தை அறிவதற்குப் பல்லாண்டு முன்னரே குழந்தை முகத்தைப் படிக்கக் கற்றுவிடுகின்றது. தாய் முகம் சுருங்கினால் அதன் முகமும் சுருங்குகின்றது. படப்புத்தகம் குழந்தை ஏற்கெனவே அறிந்த இக்கல்வியிலிருந்து தொடங்குகின்றது.

இது மேனாட்டார் வழக்கம், நமக்குப் புதிது என்று எவரும் கருதவேண்டா. கொமேனியஸ் என்னும் கல்வியாளர் படத்தின் வாயிலாக உலகைக் காட்டும் பாடநூலொன்றை 1658-ஆம் ஆண்டில் நூரெம்பர்க்கு நகரில் அச்சிட்டார் என்பது வரலாறு. ஆயின் அச்சுப் பொறி வருவதற்கு முன்னரே நம் நாட்டில் கோபுரத்துச் சுதையுருவங்களும் கூத்தர் முகத்து ஒப்பனையும் இவ்வேலையைச் செய்தன. நம் திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியார்க்குச் சூளுரைத்து, அச்சூளைப் பிழைத்து, கண்ணொளி இழந்த கதையைக் கூறும் பாட்டியார், அவர் வழி தெரியாது தடுமாறும் இடத்தில் தாமும் கண்ணை மூடிக் கையை நீட்டிக் காட்டுவார். மடியிலிருக்கும் பேரன், "பாவம் ஆயா, அவருக்கு பயமா இருக்குமா?" என்று கேட்பான். அந்த ஆயா இன்று எல்லா வீட்டிலும் இல்லை. இருக்கும் வீட்டிலும் கைப்பேசி அவர் இடத்தைப் பறித்துக்கொண்டது. ஓடும் படம் நிற்பதில்லை. குழந்தையின் விடைக்குக் காத்திருப்பதுமில்லை. புத்தகத்தின் பக்கமோ நாம் புரட்டும்வரை காத்திருக்கும்.

இனி, நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என நீளும் இக்கரையில் வாழும் பிள்ளைகட்குப் பிற ஊர்ப் பிள்ளைகட்கில்லாத சில உணர்ச்சிகள் உண்டு. விசைப்படகில் சென்ற தந்தை பல நாள் கடலில் இருப்பார். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ இரவு வேலை செய்யும் தந்தை பகலில் உறங்குவார். வீடு முழுவதும் வாய்பொத்தி நடக்கவேண்டும். சரக்குப் பெட்டி லாரி ஓட்டும் தந்தை சாலை நெரிசலிலேயே இரவைக் கழிப்பார். "நைனா எப்போ வரும்?" என்பது இவ்வட்டாரத்துக் குழந்தையின் முதற் கேள்விகளுள் ஒன்று. அக்கேள்வியில் ஏக்கமும் அச்சமும் சிறிது கோபமும் கலந்துள்ளன. நாம் "வந்துடும், சாப்பிடு" என்று ஒரே விடையால் மூன்றையும் மூடிவிடுகின்றோம்.

இவற்றிற்கு மேலும் சில உள. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அன்று குழந்தையாயிருந்தவர் பலர் இன்று பெற்றோராயிருக்கின்றனர், இவ்வவையிலும் இருக்கின்றனர். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர்க்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரையெல்லாம் படிந்தது. ஆட்கள் வாளியில் அதனை அள்ளியதை நம் பிள்ளைகள் கண்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையை அடுத்து எண்ணூர் முகத்துவாரத்தில் மீண்டும் எண்ணெய் பரவி, படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் நாள், ஆழிப்பேரலையின் 19-ஆம் ஆண்டு நினைவு நாளின் இரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தை அடுத்த கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. நள்ளிரவை அண்டிய நேரம், கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. மக்கள் உறங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அதன்பின் பெரியவர்கள் பேசினார்கள். போராட்டப் பந்தலில் அமர்ந்தார்கள், மனு எழுதினார்கள், செய்தியாளரிடம் முறையிட்டார்கள். அவ்விதம் செய்ய வேண்டியதே. ஆனால் அவ்விரவில் தோளில் தொங்கிக்கொண்டு ஓடிய நான்கு வயதுக் குழந்தையின் மனுவை எழுதியவர் யார்? அது சில நாள் கழித்துப் படுக்கையை நனைத்தது. விளக்கை அணைக்கவிடாமல் அழுதது. ஊதுவத்தி மணத்துக்கும் மூக்கைப் பொத்தியது. "ஒன்றுமில்லை, தூங்கு" என்றோம். ஒன்றுமில்லை என்பது உண்மையன்று என்று குழந்தைக்குத் தெரியும். "பயப்படாதே" என்றோம். அது நியாயமான பயம். படப்புத்தகம் வாயுவைத் தடுத்து நிறுத்தாது. அக்குழாய்க்குப் பொறுப்பானவரைக் கேட்கவேண்டிய கேள்வியைப் பெரியோராகிய நாம் கேட்டே ஆகவேண்டும். குழந்தையினிடம் நாம் செய்யத் தக்கது, "உனக்கு வந்தது பயம், எனக்கும் வந்தது, இப்போது நான் உன் பக்கத்தில் இருக்கிறேன்" என்று கூறுதல். இதனை நேரே கூற நமக்கே நாக்கு எழாது. நடுவில் ஒரு புத்தகம் இருந்தால் எழும். இடிக்கு அஞ்சிக் கட்டிலின் கீழ் ஒளிந்த நாய்க்குட்டியின் படத்தைக் காட்டி, "இதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், குழந்தை நாய்க்குட்டியின் பெயரால் தன் கதையைக் கூறும். நம் அகத்திணைப் பாட்டிலும் பேசுவோர்க்குப் பெயர் இல்லையன்றோ? தலைவன், தலைவி, தோழி என்ற மறைப்பு இருப்பதனாலேயே அங்கே உள்ளம் தயக்கமின்றிப் பேசுகின்றது. குழந்தைக்கும் அவ்வளவு மறைப்பு வேண்டும்.

படிக்கும் முறையை இனிக் கூறுவேன். இதற்குப் பட்டமும் பயிற்சியும் வேண்டா. நான்கு செயல்கள் போதும்.

முதலாவது, பார்த்தல். பக்கத்தைத் திறந்தவுடன் எழுத்தைப் படியாமல், படத்தைக் குழந்தை பார்க்கும்வரை பொறுத்திருங்கள். கண், புருவம், வாய், தோள், கை ஆகியவற்றை விரலால் தொடச் சொல்லுங்கள். "இவன் கையை எப்படி வைத்திருக்கிறான்? நீயும் வைத்துக் காட்டு" என்றால் குழந்தை மகிழ்ந்து செய்யும். கையை இறுக மூடிக் காட்டும்போதே சினம் என்பது தன் உடம்பிலும் எங்கே இருக்கிறதென்று அறிகின்றது.

இரண்டாவது, பெயரிடல். முதலில் குழந்தை தன் சொல்லைச் சொல்லட்டும். "மூஞ்சை தூக்கி வெச்சிருக்கான்" என்று சொன்னால் அதனைத் திருத்தாதீர்கள். அது நல்ல தமிழ். மெய்ப்பாட்டை அப்படியே கூறும் தமிழ். அதன் பக்கத்தில் நம் சொல்லை வைப்போம்: "ஆமாம், கோபமா இருக்கான் போல. கொஞ்சம் வருத்தமும் இருக்குமோ?" நம் மொழியில் இவ்வகைச் சொற்கட்குப் பஞ்சமில்லை. நெஞ்சு படபடத்தல், கைகால் வெலவெலத்தல், தொண்டை அடைத்தல், முகம் சுண்டுதல், மனம் குளிர்தல் என உடம்பினின்றே பிறந்த சொற்கள் எத்தனை! கூச்சம் வேறு, பயம் வேறு. பொறாமை வேறு, ஏக்கம் வேறு. சலிப்பு வேறு, சோகம் வேறு. இவ்வேறுபாடுகளைத் தேர்வுக்குப் பொருள் எழுதும் வயதுவரை நாம் ஒளித்துவைக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, நிலைக்களம் கேட்டல். "ஏன்?" என்று கேட்பதினும் "இதற்கு முன்னே என்ன நடந்தது?" என்று கேட்பது நன்று. 'ஏன்' என்பது விசாரணைபோல் ஒலிக்கும். குற்றவாளிக் கூண்டில் நிற்பதாகக் குழந்தை நினைக்கும். முன் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சினத்தின் பின்னே அவமானமும், அழுகையின் பின்னே இழப்பும் இருப்பதை அதுவே கண்டுபிடிக்கும்.

நான்காவது, காத்திருத்தல். இதுவே அரியது. கேள்வி கேட்டபின் மனத்துள் பத்து எண்ணுங்கள். குழந்தை பேசாவிட்டால் பேசாமலே பக்கத்தைப் புரட்டுங்கள். விடை அன்றே வரவேண்டுமென்பதில்லை. மூன்று நாள் கழித்து, குளிக்கும்போது வரும். ஒரே புத்தகத்தை நாற்பது முறை படிக்கச் சொல்லும் குழந்தையை நாம் சலித்துக்கொள்கின்றோம். அப்புத்தகத்தில் அதற்கு இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கின்றது என்று கருதுங்கள்.

இம்முறைக்கு ஆராய்ச்சியின் துணையும் உண்டு. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பாரும் அவர் குழுவினரும், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோர் சிலர்க்கு, படப்புத்தகத்தைத் தாமே படித்துச் செல்லாமல் விரிந்த கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேசவிடும் முறையைக் கற்பித்தனர். ஒரு மாத அளவிலேயே அக்குழந்தைகளின் பேச்சு, வழக்கமாகப் படித்துக்காட்டப்பெற்ற குழந்தைகளின் பேச்சைவிட முன்னேறியது. 2007-ஆம் ஆண்டில் மாத்யூ லீபர்மன் என்பாரும் உடனுழைத்தோரும் வேறொன்று கண்டனர். அச்சமோ சினமோ தோன்றும் முகப் படங்களை வயது வந்தோர்க்குக் காட்டி, அவ்வுணர்ச்சியின் பெயரைத் தேர்ந்து கூறச் செய்தபோது, மூளையில் அமிக்டலா என்னும் பகுதியின் கிளர்ச்சி குறைந்தது. உணர்ச்சிக்குப் பெயரிடுதல் அதனைச் சிறிது தணிக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இங்கே ஒரு தடை எழலாம். "நம் முன்னோர் ஆத்திசூடியைக் கொடுத்தனர், நீதியைக் கற்பித்தால் போதாதா?" என்பர். ஆத்திசூடியை நாள்தோறும் கற்பிப்பவன் யான். ஒளவையார் சினம் தணியவேண்டும் என்பதை இரண்டாவது பாடமாகவே வைத்தார். அது பொன்னான பாடம். ஆனால் தணிக்கவேண்டியது எது என்று தெரிந்தாலன்றோ தணிக்க முடியும்? தன்னுள் எழுவது சினமென்று அறியாத பிள்ளை அப்பாடத்தை உரத்த குரலில் ஒப்பித்துக்கொண்டே பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். வகுப்பறையில் இதனைக் காணாத ஆசிரியர் இலர். உணர்ச்சியை அறிதல் நீதிக்கு முன்படி, பகையன்று. ஆகவே புத்தகத்தை மூடியவுடன், "இதனால் அறியும் நீதி யாது?" என்று கேட்கும் வழக்கத்தைப் படப்புத்தகத்திற்காவது விட்டுவிடுமாறு வேண்டுகின்றேன்.

மற்றொரு தடை, "துயரத்தைப் பேசினால் வளரும், குழந்தை பயந்துபோகும்" என்பது. 1963-ஆம் ஆண்டில் மாரிஸ் செண்டாக் என்னும் அமெரிக்க ஓவியர், காட்டு விலங்குகள் வாழும் இடம் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு படப்புத்தகம் வெளியிட்டபோது இத்தடையே எழுந்தது. ஓநாய் உடை போட்டுக் குறும்பு செய்த மாக்ஸ் என்னும் சிறுவனை, தாய் இரவுச் சோறின்றிப் படுக்கைக்கு அனுப்புகின்றாள். அவன் அறையிலே காடு வளர்கின்றது, கடல் தோன்றுகின்றது, படகேறிப் பயங்கர விலங்குகளின் தீவை அடைந்து அவற்றிற்கு அரசனாகின்றான். ஆடிக் களித்தபின் தனிமை தாக்குகின்றது. வீடு திரும்புகின்றான்; சோறு சூடாகக் காத்திருக்கின்றது. குழந்தைகள் இதனைக் கண்டு அஞ்சுவர் என்று பெரியோர் சிலர் கூறினர். குழந்தைகளோ அதனை விரும்பினர். மறு ஆண்டே அந்நூல் கால்டெகாட் பதக்கமும் பெற்றது. சினம் கொண்டாலும் வீடு தன்னைக் கைவிடாது என்ற செய்தி அக்குழந்தைகட்கு வேண்டியிருந்தது. படகும் கடலும் வீடு திரும்புதலும் நம் கரைப் பிள்ளைகட்கு விளங்காத பொருளா?

நம் சென்னையிலேயே இத்துறையில் உழைப்போர் உளர். 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ் நிறுவனம், வங்கத்துப் பட ஓவியர்களாகிய ஜெய்தேவ், மொய்னா சித்ரகார் இருவரைக் கொண்டு ஆழிப்பேரலையைப் பற்றிய நூலொன்றை 2009-இல் வெளியிட்டது. சுருள் ஓவியத்தை விரித்துக்கொண்டே பாடும் மரபினர் அவர்கள். அந்நூலும் மடிப்பு மடிப்பாக விரியும். இழந்தோரின் துயரம் அதில் நேரே தோன்றுமாதலின், அதனைச் சற்று வளர்ந்த பிள்ளைகட்கே காட்டவேண்டும். 1996-இல் தொடங்கிய துளிகா பதிப்பகம் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் படப்புத்தகங்களைத் தருகின்றது. அசோக் ராஜகோபாலன் எழுதி ஓவியமும் தீட்டிய 'கஜபதி குலபதி', சளி பிடித்துத் தும்மும் யானையின் கதை. சிரிப்பையும் வியப்பையும் பேசத் தொடங்குவதற்கு ஏற்றது. நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் குறைந்த விலையிற் கிடைக்கும். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் ஸ்டோரிவீவர் என்னும் இணைய நூலகத்தைத் திறந்தது. அதிலுள்ள தமிழ்ப் படக்கதைகளைப் பணமின்றிப் படிக்கலாம். அச்சிட்டுக்கொள்ளவும் உரிமை தந்திருக்கின்றனர். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023-இல் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களைப் பள்ளிகட்கு அளித்தது. ஆகவே புத்தகம் இல்லை என்ற குறை பெரிதன்று. அதனைக் குழந்தையோடு அமர்ந்து படிப்பார் இல்லை என்பதே குறை.

தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் வேறு இரண்டு சொல்லவேண்டும். "ஆம்பளைப் பையன் அழலாமா?" என்று சிறுவனை நாணச் செய்கின்றோம். "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது" என்று சிறுமியை அடக்குகின்றோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டை ஆணுக்கு நான்கு, பெண்ணுக்கு நான்கு என்று பங்கிடவில்லை. அழத் தெரியாத சிறுவன் வளர்ந்தபின் தன் துயரத்தையெல்லாம் சினமாகவே காட்டுவான், சாராயத்திலும் காட்டுவான். அதன் பயனை நம் தெருக்களில் நாம் அறிவோம். சினத்தை விழுங்கப் பழகிய சிறுமி, அநீதி செய்வோனிடத்தும் வாய்மூடி நிற்பாள். தீய எண்ணத்தோடு ஒருவன் தொட்டால், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று கூறுவதற்கும் உணர்ச்சியின் சொல்லே வேண்டும் என்பதைப் பெற்றோர் மறவாதிருப்பாராக.

இரண்டாவது, அச்சத்தைக் கருவியாகக் கொள்ளுதல். பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடிப்பான், வாத்தியாரிடம் சொல்லுவேன் என்று சோறூட்டுகின்றோம். அச்சம் பிறக்கும் இடங்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவர் என நான்கைத் தொல்காப்பியர் கூறினார். குழந்தைக்குத் தந்தையும் ஆசிரியரும் தலைவரே. எவரிடம் ஓடிவந்து அச்சத்தைச் சொல்லவேண்டுமோ அவரையே அச்சத்தின் பொருளாக்கினால், அக்குழந்தை எங்கே ஓடும்?

ஒரு வரையறையையும் கூறுதல் வேண்டும். படப்புத்தகம் மருந்தன்று. வாரக்கணக்கில் உறங்காத, உண்ணாத, பேச்சையே நிறுத்திய, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் குழந்தையை மருத்துவரிடம் காட்டவேண்டும். எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை நமக்குத் தொலைவன்று. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணும், குழந்தைகட்கு இழைக்கப்படும் தீங்கைத் தெரிவிக்க 1098 என்ற எண்ணும் உள. இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

இறுதியாக, நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பொதுத்தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்ற மாணவர்க்குப் பரிசளிக்கின்றோம். அது நன்று, தொடர்க. ஆயின் மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள நம் குழந்தைகட்கு இச்சங்கம் இதுவரை ஒரு பாயும் விரிக்கவில்லை. பரிசுத் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி ஐம்பது படப்புத்தகங்கள் வாங்குவோம். அவற்றைக் கண்ணாடி அலமாரியிற் பூட்டிவைக்க வேண்டா. குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் வைப்போம். கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். நம் குழந்தைகளோடு தெருவிலுள்ள எல்லாக் குழந்தைகளும் வரட்டும். அச்சத்திற்கும் அழுகைக்கும் சாதி இல்லை; இப்பாயிலும் அது வேண்டா.

தொடங்குதற்கு நல்ல காலமும் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. பள்ளி விடுமுறையும் அதனோடு வருகின்றது. தந்தையர் கரையில் இருப்பர், வலை பின்னுவர், படகுக்கு வண்ணம் பூசுவர். அம்மாலைகளில் வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், தந்தையரே வந்து இப்பாயில் அமர்ந்து குழந்தைக்குப் படம் காட்டட்டும். எழுத்தறியாத தந்தையும் வரலாம். படத்திற்கு எழுத்து வேண்டா. அலையின் நிறம் பார்த்து வானிலை கூறும் கண்ணுக்கு ஒரு குழந்தையின் முகம் படிக்க அரிதாகாது. தொழிற்சாலைக்குச் செல்வோர் தம் ஓய்வு நாளில் வரலாம். முதல் ஆறு வாரம் உடனிருந்து நடத்திக்கொடுக்கும் பொறுப்பை யான் ஏற்கின்றேன்.

இவ்விண்ணப்பத்தைச் செயற்குழு அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் என்று நம்புகின்றேன்.